சென்ட்ஓஎஸ் 6, 7இல் கண்காணிப்பு ஏஜென்ட் ஏற மறுக்கிறது: என்ன செய்யலாம்?

துறைமுகத்தான்:
திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிக்கிறேன். நான்கு லினக்ஸ் சேர்வர்கள்: சென்ட்ஓஎஸ் 6, சென்ட்ஓஎஸ் 7, உபுண்டு 18.04, உபுண்டு 22.04. சென்ற மாதம் காப்புப்படி டிஸ்க் நிரம்பி மூன்று இரவுகள் எதுவுமே சேமிக்கப்படவில்லை. யாரும் கவனிக்கவில்லை. அதனால்தான் சேர்வர்களைக் கண்காணிக்கும் ஸாபிக்ஸ் 7.0 மென்பொருளை 22.04இல் நிறுவினேன். ஒவ்வொரு சேர்வரின் நிலையையும் அதற்குச் சொல்லும் ஏஜென்ட், உபுண்டு இரண்டிலும் ஏறிவிட்டது. சென்ட்ஓஎஸ் 7இல் மென்பொருள் நிறுவும் கருவியான யம், மிரர் பட்டியல் (பதிவிறக்க முகவரிகள்) கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. சென்ட்ஓஎஸ் 8க்கு உரிய ஆர்பிஎம் நிறுவல் பொதியைப் போட்டால், லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28 வேண்டும் என்கிறது. 6இல் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையே இல்லை.

உவர்மலை அன்பன்:
தம்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆர்பிஎம் தேடினால் இந்த அலைச்சல் தீராது. ப்ரொமீதியஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளின் நோட் எக்ஸ்போர்ட்டரைப் போடுங்கள். ஒரே கோப்பு, ஜிலிப்சியைக் கேட்காது, 9100 போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) பேசும். அதன் அளவீடுகளை ஸாபிக்ஸே வாசித்துக்கொள்ளும். நான்கிலும் ஒரே முறை என்றால் நாளை உங்கள் இடத்துக்கு வருபவருக்கும் புரியும்.

நிலாவெளிக்காரன்:
நான்கிலும் ஓடும் என்பது சரியல்ல, அண்ணா. அது கோ நிரல்மொழியில் எழுதியது. கோ 1.24 முதல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் 3.2 அல்லது அதற்கு மேல் வேண்டும். சென்ட்ஓஎஸ் 6இன் கெர்னல் 2.6.32. பழைய வெளியீட்டைத் தேடி எடுக்க வேண்டும் என்றால், பழைய ஸாபிக்ஸ் ஏஜென்ட்டையே எடுக்கலாமே? 7.0 சேர்வர் 1.4 முதலான ஏஜென்ட்டுகளை ஏற்கும். சேர்வரைவிட ஏஜென்ட் புதிதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 6க்கு 5.0 ஏஜென்ட் போதும்.

துறைமுகத்தான், 7க்கு உரிய ஆர்பிஎம் ஸாபிக்ஸ் களஞ்சியத்தில் தனியாக இருக்கிறது. 8க்கு உரியதைத் திணிக்க வேண்டாம். 7இன் ஜிலிப்சி 2.17தான். ஜிலிப்சியை மட்டும் உயர்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் கை வைத்தால் சேர்வரே எழும்பாமல் போகலாம்.

கிண்ணியா நண்பன்:
நோயை விட்டுவிட்டு வெப்பமானியைப் பற்றி வாதாடுகிறீர்கள். 6க்கான ஆதரவு 2020 நவம்பர் 30இலும், 7க்கு 2024 ஜூன் 30இலும் முடிந்துவிட்டது. யம் நிற்பதும் அதனால்தான்: பழைய மிரர் முகவரியை மூடிவிட்டார்கள், பொதிகள் இப்போது வால்ட் காப்பகத்தில் இருக்கின்றன. பாதுகாப்புத் திருத்தம் வராத சேர்வரில் இன்னொரு போர்ட்டைத் திறப்பதை என்னால் ஏற்க முடியாது. முதலில் தரவைப் புதிய சேர்வருக்கு மாற்றுங்கள்.

துறைமுகத்தான்:
மாற்றத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கு மென்பொருள் 6இல் மட்டுமே ஓடுகிறது, எழுதியவர் இப்போது தொடர்பில் இல்லை. மாற்றும் நாள் வரை அந்த டிஸ்க் நிரம்பாமல் காத்திருக்குமா?

நிலாவெளிக்காரன்:
கிண்ணியா நண்பரின் அச்சம் நியாயமானது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஏஜென்ட்டின் 10050 போர்ட்டை ஸாபிக்ஸ் சேர்வரின் முகவரிக்கு மட்டும் திறந்தால் போதும். மற்றவர்களைத் தடுக்க 7இல் ஃபயர்வால்டி, 6இல் ஐபிடேபிள்ஸ்.

துறைமுகத்தான்:
நேற்றிரவு உட்கார்ந்து பார்த்தேன். 7இல் களஞ்சியக் கோப்புகளை வால்ட்டுக்குத் திருப்பியதும் யம் வேலை செய்தது, ஏஜென்ட் ஏறியது. ஆனாலும் தரவு வரவில்லை. முதலில் ஃபயர்வால்டி தடுத்தது. அதைத் திறந்த பிறகு, இணைப்பு நிராகரிக்கப்பட்டது என்று லாக் கோப்பில் ஒரே வரி திரும்பத் திரும்ப விழுந்தது. அனுமதித்த முகவரி 127.0.0.1 (அதாவது அந்தச் சேர்வரே) என்று வரியின் கடைசியில் இருந்தது. கான்ஃபிக் கோப்பில் முகவரியை ஸாபிக்ஸ் சேர்வருடையதாக நான் மாற்றவேயில்லை! மாற்றி, ஏஜென்ட்டை மீண்டும் தொடங்கியதும் வரைபடம் ஓடத் தொடங்கியது. 6இல் 5.0 ஏஜென்ட்டை சர்வீஸ் கட்டளையால் தொடங்கினேன். மறுதொடக்கத்திலும் எழும்ப செக்கான்ஃபிக்கில் சேர்த்துவிட்டேன்.

கிண்ணியா நண்பன்:
மகிழ்ச்சி. அந்த 6ஐ வெளி இணையத்திலிருந்து இன்றே துண்டித்துவிடுங்கள். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உவர்மலை அன்பன்:
அதில் நானும் அவர் பக்கம். ஆனால் இரண்டு விதமான ஏஜென்ட் பதிப்புகளை ஒருவரே பராமரிப்பது சுமை என்ற என் கருத்து மாறவில்லை.

துறைமுகத்தான்:
வெளி இணைப்பைத் துண்டித்துவிட்டேன், அண்ணா. 6இன் டிஸ்க் இப்போது 91 சதவீதம் நிரம்பியிருக்கிறது. பழைய லாக் கோப்புகளை அழிக்கப் போகிறேன்.