செய்து கொடுத்த பிறகும் மனதைவிட்டுப் போகாத வேலைகள்: பட்டறைக்காரர்கள் எழுதுங்கள்

கணபதி டிசைன்:

ஒரு நாற்காலி வேலை. எட்டு மாதமாகிவிட்டது, இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. எங்களுடையது கோவை கணபதியில் சின்னப் பட்டறை. நான், வெல்டர் அண்ணன், இரண்டு ஹெல்பர், அவ்வளவுதான். கேட், கைப்பிடி, டிராலி, ஜிக் (வேலை செய்யும்போது பொருளைப் பிடித்து வைக்கும் சட்டம்) என்று யார் எதைக் கேட்டாலும் வரைந்து செய்து கொடுப்போம்.

அன்னூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். துண்டில் முடிந்து வைத்திருந்த ஈர்க்குச்சி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். இரண்டு முனையும் பிளேடால் சீராக நறுக்கியிருந்தது. "ஊட்டுக்காரிக்குக் குளிக்கிறதுக்கு ஒரு சேர் வேணுங் தம்பி. உக்கார்ற எடம் தரையில இருந்து இவ்வளவு ஒசரம் இருக்கோணும்" என்றார். டேப் வைத்துப் பார்த்தேன், 21 அங்குலம். நாற்காலி என்றால் 17, 18 தானே. பெரியவர் ஏதோ மெத்தையோடு சேர்த்து அளந்துவிட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 18 என்று வரைந்து, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் செய்து, பாலிஷ் போட்டு அனுப்பிவிட்டேன். முட்டி மடங்காதவர்களுக்கு இருக்கை உயரமாக இருந்தால்தான் எழுந்திருக்க வரும் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனவன் அவர் வீட்டில் எட்டிப் பார்த்தேன். குளியலறையில் நாற்காலியின் நாலு காலுக்கும் கீழே செங்கல். பின்பக்கம் ஒரு செங்கல் ஆடக்கூடாது என்று சாக்குத் துண்டை மடித்து அடியில் செருகியிருந்தார். ஈரத்தில் அந்தச் சாக்கு கறுத்துப் போயிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அவர்தான் பதறினார். "உங்க மேல தப்பில்லீங் தம்பி. நாந்தான் குச்சிய மாத்திக் குடுத்துப்போட்டனாட்ட இருக்குது."

அவர் கொடுத்தது ஒரே ஒரு குச்சி. மாற்றிக் கொடுக்க இன்னொரு குச்சியே இல்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

திருப்பூர் டிராயிங்:

எங்களுடையதும் அளவுக் கதைதான் அண்ணா. ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனிக்கு 24 டிராலி. கட்டிங் டேபிளுக்கு அடியில் தள்ளி நிறுத்துகிற மாதிரி வேண்டும். "ரெண்டு பக்கமும் ரெண்டு நூல் விட்டுருங்" என்று போனில் சொன்னார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் 2 மி.மீ. என்று எழுதிக்கொண்டான். கல்லூரி முடித்து நேராக வந்தவன். நூல் என்றால் அவனுக்குத் தெரிந்தது கோனில் சுற்றுகிற நூல்தான். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு நூல், அதாவது 3 மி.மீ.க்குச் சற்று மேல் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர்கள் கேட்டது 6 மி.மீ.க்கு மேல், நாங்கள் விட்டது 2.

எங்கள் இடத்தில் மாதிரிச் சட்டம் வைத்துத் தள்ளிப் பார்த்தபோது சரியாகத்தான் போனது. அங்கே டேபிள் கால்கள் உள்பக்கம் இம்மியளவு சாய்ந்திருந்தன. சூப்பர்வைசர் முதல் டிராலியைத் தள்ளினார். பாதி போய்க் கிறீச்சென்று நின்றது. திருப்பி இழுத்தார், பவுடர் கோட்டிங் ஒரு முழ நீளத்துக்குப் பட்டையாக உரிந்து வந்து தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

24 டிராலியையும் அறுத்துக் குறைத்து, திரும்பப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தோம். பணம் போனது போகட்டும். பையன் அன்று மதியம் டப்பாவைத் திறக்கவே இல்லை. டிராயிங்கைப் பார்த்து சரி என்று டிக் போட்டது நான்தான். அதை அவனிடம் நான் சொல்லவில்லை, மறுநாள்தான் சொன்னேன். ஒரு நாள் தாமதித்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

பீளமேடு பழைய லேத்:

இரண்டு பேர் சொன்னதையும் படித்தேன். வாடிக்கையாளர் மேல் பரிதாபம் இருக்கட்டும், ஆனால் இரண்டிலும் தப்பு ஒன்றேதான். எழுத்தில் வாங்கவில்லை.

என் கதை சின்னது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நார் மில்லிலிருந்து தேய்ந்த ஷாஃப்ட் (சுழல் தண்டு) ஒன்றைக் கொண்டுவந்து "இதே மாதிரி ஒண்ணு" என்றார்கள். இதே மாதிரியே கடைந்து கொடுத்தோம், தேய்மானத்தையும் சேர்த்து. பேரிங் மாட்டினால் கடகடவென்று ஆடியது. அவ்வளவுதான்.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். நம் ஊரில் சாம்பிள்தான் டிராயிங். நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்துக் கரண்ட் வந்து மில்லும் மோட்டாரும் பெருகிய காலத்திலிருந்து அப்படித்தான் தொழில் வளர்ந்திருக்கிறது. அதனால் சாம்பிள் வந்தால் தேயாத இடம் எது என்று முதலில் தேடுங்கள். பேரிங் உட்காரும் இடத்தை ஷாஃப்டில் அளக்காதீர்கள், பேரிங் நம்பரைக் கேளுங்கள். 6205 என்றால் உள்விட்டம் 25 மி.மீ., அதற்கு மேல் பேச்சே இல்லை. நம் டிராயிங்கில் அங்குலம், நூல், மி.மீ. மூன்றையும் கலக்கக் கூடாது. வாய் வார்த்தையில் வந்ததை மி.மீ.க்கு மாற்றி, வாடிக்கையாளருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பாதிப் பணம் அட்வான்ஸ். 24 செய்வதற்கு முன் ஒன்றைச் செய்து, அவர்கள் இடத்தில் வைத்துப் பாருங்கள், உங்கள் இடத்தில் அல்ல.

எடை தெரியாமல் விலை சொல்லாதீர்கள். இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர், ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ. எட்டடிக்கு நாலடி ஷீட், 3 மி.மீ. என்றால் ஏறக்குறைய 70 கிலோ. இதை மனப்பாடம் செய்யாமல் கொட்டேஷன் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஏராளம்.

கணபதி தம்பி, எஸ்.எஸ். என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எந்த ரகம், 304ஆ, விலை குறைந்த 202ஆ? குளியலறைக்கு 202 போட்டிருந்தால் சீக்கிரமே ஜாயிண்டில் துருப் புள்ளி வந்துவிடும். காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள், 202லும் காந்தம் ஒட்டாது. சோதனை மருந்து விற்கிறது, ஒரு சொட்டு விட்டால் நிறம் காட்டிக் கொடுத்துவிடும்.

நாமக்கல் கூண்டு:

பீளமேடு அண்ணா, உங்கள் பேரிங் விஷயம் சரி. கையெழுத்து விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெரியவரிடம் 18 என்று டிராயிங் நீட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார். படித்தவர் வரைந்திருக்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று போட்டிருப்பார். அப்புறம் தப்பு அவர் தலையில் எழுத்திலேயே ஏறியிருக்கும். அவர் அளவைச் சரியாகத்தான் கொடுத்தார் அண்ணா, கையில் வாங்கியவர்தான் நம்பவில்லை.

என்னுடையது அளவு பற்றியது இல்லை. கோழிப் பண்ணைக்கு முட்டைக் கோழிக் கூண்டு ஸ்டாண்ட் செய்கிறோம். வீட்டுக்காரர் ஆர்டர் பார்ப்பார், பட்டறை என் பொறுப்பு. ஒரு சித்திரை மாதம், ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), அவசர வேலை. வெல்டிங் போடுகிற இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். அவசரத்தில் அதைச் செய்யவில்லை. வெளியே தூசி போகக் கூடாது என்று பக்கத்து வீட்டில் சண்டை, அதனால் ஷட்டரையும் பாதி இறக்கியிருந்தோம். உள்ளே வெள்ளைப் புகை.

ராத்திரி பத்து மணிக்கு, வெல்டிங் போட்ட பீகார்த் தம்பியின் அறையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், நமக்கெல்லாம் வேர்த்து ஊற்றுகிற புழுக்கத்தில் அவன் இரண்டு போர்வையும் அதன் மேல் லாரித் தார்ப்பாயும் போர்த்திக்கொண்டு நடுங்குகிறான். பல் அடிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. "அக்கா, தண்ணி குடிச்சா இனிக்குது" என்றான். வெறும் தண்ணீர் அது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, இவன் என்ன வேலை செய்கிறான் என்பதுதான். துத்தநாகப் புகையால் வருகிற காய்ச்சல் என்றார். மறுநாள் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஜி.ஐ. வெல்டிங் போட்டால் ஒரு டம்ளர் பால் குடித்தால் போதும் என்று எங்கள் பக்கம் எல்லாருமே சொல்வார்கள். அன்றைக்கு நானே என் கையால் அவனுக்குப் பால் கொடுத்திருந்தேன். பால் எதையும் தடுக்காது. பூச்சைத் தேய்த்து எடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், சரியான மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டுச் சண்டைக்குப் பயந்து ஷட்டரை இறக்கச் சொன்னது நான்.

உடுமலை கேட்:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு என் பட்டறை ஜன்னலைப் போய்த் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

என்னுடையது ஆடிக் காற்று. தோட்டத்துக்கு 12 அடி அகலம், 6 அடி உயரம், இரட்டைக் கதவு. உள்ளே தெரியக் கூடாது, முழுக்கத் தகடு அடித்துக் கொடுங்கள் என்றார் தோட்டக்காரர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து மோதுகிற இடம், சுற்றிலும் காற்றாலை நிற்கிறது. வெளியூர்க்காரராக இருந்தால் பரவாயில்லை, நானே இந்த ஊர்க்காரன், என் கண்ணில் அது படவில்லை. 72 சதுர அடித் தகட்டில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று ஏறக்குறைய 80 கிலோ பாரத்துக்குத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் பாரம் நாலு மடங்கு. கீல் தாங்கியது, தூண்தான் அடியில் விண்டுவிட்டது. காலையில் போய்ப் பார்த்தபோது கதவு தூணோடு சாய்ந்து, அந்த வழியில் ஒரு எருமைக்கன்று அடிபட இருந்து தப்பியிருந்தது. அடுத்த கேட்டில் தகட்டுக்குப் பதில் இடைவெளி விட்டுச் சாய்த்துப் பட்டை வைத்தேன். பார்வைக்கு மறைவு, காற்றுக்கு வழி.

கணபதி அண்ணா, அந்தச் செங்கல் என்ன ஆயிற்று? அதைச் சொல்லவே இல்லையே.

கணபதி டிசைன்:

பீளமேடு அண்ணா, 304தான். பில் இருக்கிறது.

உடுமலைத் தம்பிக்கு: அன்றைக்கே நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பெரியவர் வேண்டாம் வேண்டாம் என்று வாசல்வரை வந்தார். கால் 25.4 மி.மீ. பைப், கனம் 1.2. அதற்குள் 22.2 மி.மீ. பைப், கால் நூல் (0.8 மி.மீ.) ஆட்டத்தோடு இறங்கும். ஒரு அங்குலத்துக்கு ஒன்றாக ஓட்டை போட்டு, ஊன்றுகோலில் இருக்கிற மாதிரி பின் மாட்டி உயர்த்துகிறபடி செய்தேன். கீழே அகலமான ரப்பர் புஷ். மறுநாள் கொண்டுபோய் வைத்து, குச்சியை வாங்கி என் கையாலேயே பிடித்துப் பார்த்து, 21இல் பின்னைப் போட்டேன்.

அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். எழுந்தார்கள். இன்னொரு தடவை உட்கார்ந்து பாதத்தைத் தரையில் நகர்த்திப் பார்த்தார்கள்.

"குதிங்கால் சரியா ஊனலீங் கண்ணு. ஒரு ஓட்டை எறக்கு" என்றார்கள்.

இப்போது 20இல் நிற்கிறது.