பழைய மணல் ஃபில்டரோடு 2 எச்.பி. பம்ப் பொருத்தலாமா?

கேள்வி

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில் 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரியாக 1.4 மீட்டர் ஆழமும் உள்ள நீச்சல் குளம் இருக்கிறது. கட்டிய நாளிலிருந்து முக்கால் எச்.பி. பம்ப்பும் 500 மி.மீ. மணல் ஃபில்டரும்தான் ஓடுகின்றன. மணலை ஒருமுறைகூட மாற்றியதில்லை. குளோரின் சரியான அளவில் இருந்தும், பிள்ளைகள் குளித்த மாலைகளில் தண்ணீர் கலங்கி, ஆழப் பகுதியில் தரை ஓடுகளுக்கு இடையிலுள்ள கோடுகள் தெரியாமல் போகின்றன. பராமரிப்புக்கு வருபவர் 2 எச்.பி. பம்ப் போட்டால் போதும், ஃபில்டரைத் தொட வேண்டாம் என்கிறார். அவ்வாறு செய்யலாமா?

மறுமொழி 1

ஐயா, தயவுசெய்து அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். உங்கள் குளத்தின் கொள்ளளவு ஏறக்குறைய 45,000 லிட்டர். அதை ஆறு மணி நேரத்தில் ஒருமுறை சுற்றிவர மணிக்கு 7,500 லிட்டர் ஓடினால் போதுமானது. 2 எச்.பி. பம்ப்போ மணிக்கு 20,000 லிட்டருக்கு மேல் தள்ளக்கூடியது. அந்த வேகத்தில் 500 மி.மீ. ஃபில்டருக்குள் பாயும் நீர் மணலைப் பிளந்துகொண்டு வழி அமைத்துக்கொள்ளும். அழுக்கு மணலில் தங்காமல் குளத்துக்கே திரும்பிவிடும். மணல் வடிகட்டலைப் பொறுத்தவரை, நீர் மெதுவாக இறங்கினால்தான் நுண்ணிய தூசி சிக்கும். உங்கள் குழாய்கள் 50 மி.மீ. என்றால், அவையும் அந்த ஓட்டத்தைத் தாங்காமல் இரைச்சலையும் மின்செலவையும்தான் கூட்டும்.

என் பரிந்துரை, முதலில் ஃபில்டரை 600 மி.மீ. ஆக்குங்கள் என்பதே. விட்டம் 100 மி.மீ. மட்டுமே கூடினாலும் மணல் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. அதனுடன் வேகத்தை மாற்றக்கூடிய பம்ப் பொருத்தினால், வடிகட்டும்போது 7,500 லிட்டரிலும், பேக்வாஷ் (நீரை எதிர்த்திசையில் ஓட்டி மணலைக் கழுவுவது) செய்யும் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மட்டும் 14,000 லிட்டரிலும் ஓட்டலாம். வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டம் பாதியாகும், மின்திறனோ கணக்குப்படி எட்டில் ஒரு பங்காகக் குறையும்; மோட்டாரின் இழப்புகளால் நடைமுறையில் அவ்வளவு மிச்சம் கிடைக்காவிட்டாலும், இரண்டு மடங்கு நேரம் ஓட்டியும் கணிசமாக மிச்சமாகும்.

மறுமொழி 2

மேற்கண்டதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், எதையும் வாங்குவதற்கு முன் ஃபில்டரைத் திறந்து மணலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த போர்வெல் நீர், அதிலும் பி.எச். 7.8-க்கு மேல் நீடித்திருந்தால், மணலைக் கட்டிகட்டியாக இறுக்கிவிடும். நீர் அந்தக் கட்டிகளைச் சுற்றி ஓடிவிடும். எங்கள் ஃபில்டரில் தேங்காய் அளவுக்குக் கட்டிகளை எடுத்தோம். மல்டிபோர்ட் வால்வின் (ஃபில்டரில் நீர் போகும் வழியை மாற்றும் வால்வு) உள்ளே இருக்கும் கேஸ்கெட் என்ற ரப்பர் அடைப்பு தேய்ந்திருந்தாலும், வடிகட்டாத நீர் நேராகக் குளத்துக்குப் போகும். பம்ப்பை நிறுத்தாமல் அந்த வால்வின் கைப்பிடியைத் திருப்பும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

மறுமொழி 3

பிள்ளைகள் குளிக்கும் குளம் என்பதால் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். குளத்தின் அடியில் ஒரே ஒரு மெயின் டிரெயின் (பம்ப் நீரை உறிஞ்சும் வாய்) இருந்து, அதன் மூடி தட்டையானதாகவோ உடைந்ததாகவோ இருந்தால், பெரிய பம்ப்பின் உறிஞ்சும் விசை குழந்தையின் முடியையோ உடலையோ பிடித்து நீருக்கடியில் நிறுத்திவிடும். அமெரிக்காவில் இத்தகைய மரணத்துக்குப் பிறகே, பாதுகாப்பு மூடிகள் குறித்த சட்டம் 2007-இல் வந்தது. பம்ப் மாற்றும்போதே மேடான பாதுகாப்பு மூடியைப் பொருத்துங்கள். மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) சரியான எர்த்தும் உள்ளனவா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை ஃபில்டரைத் திறந்தோம். மேலே இரண்டு விரற்கடை அளவுக்குத்தான் மணல் உதிரியாக இருந்தது. அதற்குக் கீழே காரை பூசியதுபோல் இறுகியிருந்ததால் கம்பியால் குத்தித்தான் எடுக்க முடிந்தது. 600 மி.மீ. ஃபில்டருக்கும் வேகம் மாற்றும் பம்ப்புக்கும் விலை கேட்டிருக்கிறேன். டிரெயின் மூடியில் விரிசல் இருப்பதையும் இன்றுதான் கவனித்தோம். புதியது வந்து பொருத்தும்வரை பிள்ளைகளைக் குளத்தில் இறங்க விடப்போவதில்லை.