உப்புக் காற்றைத் தாங்கும் கைபேசி எது?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கு எழுதி வருகிறேன். 2021-இல் வாங்கிய என் கைபேசியின் சார்ஜ் துளை மூன்று மாதங்களாகப் பச்சை படிந்து அரித்துக் கிடப்பதால், வயரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. நண்பகல் வெயிலில் திரையும் தெரிவதில்லை. ஏலம் முடிந்ததும் படகுக்காரர்களுக்குப் பணம் அனுப்புவது இந்தக் கைபேசியில்தான் என்பதால், அது அணைந்துபோனால் அவர்கள் காத்து நிற்க வேண்டியிருக்கிறது.

துளையைச் சுத்தம் செய்தேன், வயரை இருமுறை மாற்றினேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் துளையையே மாற்றியும் ஆறு வாரத்தில் மீண்டும் அதே நிலைதான்.

புதிதாக வாங்க, ஐபி67 என்ற தூசி, நீர் புகாத் தரமுள்ள சாம்சங் கேலக்ஸி ஏ35, ஐபி68 தரமுள்ள மோட்டோரோலா எட்ஜ் 50 ஃப்யூஷன் ஆகிய இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் 5,000 எம்ஏஎச் பேட்டரி இருப்பதால் அதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் வைத்துப் பார்க்கும் சோதனை மட்டுமே. நாள்தோறும் படியும் உப்பு ஈரத்துக்கு அது உறுதி தருவதில்லை.

கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் இவற்றில் ஒன்றை ஓராண்டுக்கு மேல் பயன்படுத்துவோரே, உங்கள் கைபேசியின் சார்ஜ் துளை அரிக்காமல் இருக்கிறதா?