பிபி நிற்கிறது, விரல் மட்டும் ஜில்லிடுகிறது: ஐசியூ டயாலிசிஸில் எதைப் பார்ப்பது?

அம்பை டயாலிசிஸ் (கேள்வி)

வணக்கம். திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பிசான நெல் பருவத்துக்கு நடவு தொடங்கி மழையும் பிடித்துவிட்டால் எங்களுக்கு எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், விரியன் கடி என்று சிறுநீரகம் நின்றுபோனவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பலரும் வயலில் வேலை பார்ப்பவர்கள். அதுவரை ஒரு பிபி மாத்திரைகூடப் போட்டிராதவர்கள். நெருக்கடியான நாட்களைத் தாண்டிவிட்டால் இவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீர் திரும்ப வந்துவிடும். நாம் டயாலிசிஸ் செய்கிற விதத்தாலேயே அந்தச் சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

நடவுக்குப் போகிற ஒரு அம்மா. எலிக்காய்ச்சலோடு மஞ்சள் காமாலையும் இருந்தது. எடை 54 கிலோ. பிபியைத் தூக்கிப்பிடிக்கிற மருந்தான நார்அட்ரினலின் 0.08 (கிலோவுக்கு, நிமிடத்துக்கு மைக்ரோகிராம்) ஓடிக்கொண்டிருந்தது. ஸ்லெட் (மெதுவாகப் பல மணி நேரம் ஓட்டுகிற டயாலிசிஸ்) போட்டோம்: 8 மணி நேரம், ரத்த பம்ப் நிமிடத்துக்கு 150 மில்லி, டயலைசேட் (ரத்தத்தைச் சுத்தப்படுத்துகிற திரவம்) 300 மில்லி, எடுக்க வேண்டிய நீர் இரண்டரை லிட்டர். மூன்றாவது மணி நேரத்தில் பிபி 112/64. தொடங்கும்போதும் கிட்டத்தட்ட அதுதான். மானிட்டர் ஒருமுறைகூடக் கத்தவில்லை. ஆனால் லைனைச் சரிபார்க்கப் போனபோது கை பட்டது, விரல் எல்லாம் ஐஸ். பேச்சும் கொஞ்சம் குழறியது. பம்பைப் பார்த்தால் நார்அட்ரினலின் 0.14க்கு ஏறியிருக்கிறது. லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ஏறுகிற அமிலம்) 2.1இலிருந்து 3.6 ஆகிவிட்டது. டியூட்டி டாக்டர் உடனே யுஎஃபை, அதாவது நீர் எடுப்பதை, நிறுத்தச் சொன்னார். கை சூடானதும் மிச்சத்தை மெதுவாக எடுத்தோம். அந்த அம்மா பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

என் கேள்வி இதுதான். பெரிய ரத்தக்குழாயில் அழுத்தம் நிற்கும்போதே சின்னக் குழாய்களில் ஓட்டம் குறைகிறது என்றால், லாக்டேட் ஏறுவதற்கு முன்பே அதை எப்படிக் கண்டுபிடிப்பது? நாக்குக்கு அடியில் வைத்துப் பார்க்கிற கேமரா ஒன்று இருக்கிறது என்று படித்தேன். எங்களிடம் அது கிடையாது. இருக்கிற சாமான்களை வைத்து என்ன செய்யலாம்?

பாளை ஐசியூ டாக்டர்

தம்பி, நல்ல கேள்வி. இதை டெக்னீஷியன் ஒருவர் கேட்பது எனக்கு ரொம்பவும் மகிழ்ச்சி. நோயாளியின் கைக்குப் பக்கத்தில் அத்தனை மணி நேரமும் நிற்பது நீங்கள்தான், நாங்கள் இல்லை.

முதலில், அங்கே நடந்தது என்ன? மெஷின் நீரை எடுப்பது பிளாஸ்மாவிலிருந்து. திசுக்களில் தேங்கிய நீர் திரும்பி ரத்தத்துக்குள் வந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். நாம் எடுக்கிற வேகத்துக்கு அது வரவில்லை என்றால் உடம்பு தோல், குடல் பக்கம் போகிற குழாய்களை இறுக்கி பிபியைக் காப்பாற்றும். மேலே நார்அட்ரினலினையும் ஏற்றினால் அந்த இறுக்கம் கூடும். பாபநாசம் அணையில் மட்டம் குறையவில்லை என்பதை வைத்துக் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று நம்ம ஊர் விவசாயி யாரும் சொல்ல மாட்டார். பிபியும் அணையில் பார்க்கிற மட்டம் மாதிரிதான். செப்சிஸ் (கிருமித்தொற்றால் உறுப்புகள் பழுதாகிற நிலை) நோயாளிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. அவருடைய நுண்குழாய்கள் ஏற்கெனவே சீராக இல்லை, ஒன்றில் ஓடும், பக்கத்திலேயே இன்னொன்றில் நின்றிருக்கும். இதை 2002இலேயே நாக்கின் அடியில் பார்த்துக் காட்டிவிட்டார்கள்.

நீங்கள் சொல்லும் கேமரா பச்சை ஒளியில் வேலை செய்கிறது. ஹீமோகுளோபின் அந்த ஒளியை உறிஞ்சுவதால் சிவப்பணுக்கள் கறுப்புப் புள்ளிகளாக ஓடுவது திரையில் தெரியும். 20 மைக்ரானுக்குக் குறைவான குழாய்களைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள்: ஓட்டமே இல்லை என்றால் 0, விட்டு விட்டு ஓடினால் 1, மந்தமாக ஓடினால் 2, தொடர்ந்து ஓடினால் 3. ஓட்டம் உள்ள குழாய்கள் எத்தனை சதவீதம் என்பதையும் கணக்கிடுவார்கள். எச்சில் குறுக்கே வந்தாலும், ப்ரோபைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும், நோயாளி நாக்கை அசைத்தாலும் படம் கெட்டுவிடும். 2018இல் ஐரோப்பிய தீவிர சிகிச்சைச் சங்கம் இதற்கு வழிமுறை வெளியிட்டது. ஆனாலும் இன்றுவரை இது பெரும்பாலும் ஆராய்ச்சிக் கருவிதான். இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம்.

உங்கள் கையில் இருப்பது விரல். ஆள்காட்டி விரல் நுனியின் உள்பக்கத்தைக் கண்ணாடி ஸ்லைடால் வெளுக்கும்வரை அழுத்தி, 10 விநாடி பிடித்து விடுங்கள். நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் எடுத்தால் இயல்பில்லை. 2019இல் தென் அமெரிக்காவின் 5 நாடுகளில், 28 ஆஸ்பத்திரிகளில், 424 செப்டிக் ஷாக் (செப்சிஸில் பிபி சரிந்த) நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவில் இப்படி அரைமணிக்கு ஒருமுறை பார்த்து வைத்தியம் செய்தார்கள். அந்தக் குழுவில் 28 நாளில் இறப்பு 34.9 சதவீதம். லாக்டேட்டைப் பார்த்து வைத்தியம் செய்த குழுவில் 43.4. புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் உறுதிப்படவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அது டயாலிசிஸ் ஆய்வும் இல்லை. டயாலிசிஸுக்கு நேரடியாக உதவுவது 2020இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வு. தொடங்கும் முன் விரல் 3 விநாடியோ அதற்கு மேலோ எடுப்பது, லாக்டேட் 2க்கு மேல் இருப்பது, இதயம், ரத்த ஓட்டத்துக்கான சோஃபா (உறுப்புகள் எவ்வளவு பழுது என்று அளக்கிற) மதிப்பெண் 1 அல்லது அதற்கு மேல் இருப்பது: இந்த மூன்றில் எத்தனை சேர்கிறதோ அந்த அளவுக்கு நடுவில் நோயாளி சரிகிற ஆபத்து கூடியது. நீங்கள் சொன்ன அந்த அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கும் முன்னரே இரண்டு இருந்தன. விரலைப் பார்த்திருந்தால் மூன்றா என்பதும் தெரிந்திருக்கும்.

அதனால் முதல் அளவை பம்ப் ஓடும் முன்பே எடுத்து எழுதுங்கள். அப்புறம் அரைமணிக்கு ஒருமுறை. அதே வரியில் நார்அட்ரினலின் டோஸையும் எழுதுங்கள். டோஸ் ஏறி பிபி அப்படியே நின்றால் அதை நான் பிபி விழுந்ததாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

சங்கரன்கோவில் சிஸ்டர்

டாக்டர் சொன்னது எல்லாம் சரி. வார்டில் செய்து பார்க்கும்போது இடிக்கிற சில விஷயங்களை நான் சொல்கிறேன்.

நம்ம பெண்கள் கையில் மருதாணி இருக்கும். நகத்தோடு விரல் நுனியும் சிவந்திருந்தால் வெளுப்பது தெரியவே தெரியாது. எலிக்காய்ச்சல் மஞ்சளும் சேர்ந்தால் இன்னும் கஷ்டம். நடவு, களை எடுப்பு என்று காய்த்துப்போன விரல்களும் அப்படித்தான். நான் மருதாணி படாத விரலைத் தேடுவேன், கிடைக்காவிட்டால் முட்டியில் அழுத்திப் பார்ப்பேன். முட்டியில் இயல்பாகவே நேரம் கொஞ்சம் கூட எடுக்கும் என்பதால் அதே இடத்தின் முந்தைய அளவோடு மட்டும் ஒப்பிடுவேன்.

முட்டியைச் சுற்றித் திட்டுத் திட்டாக நீலம் படர்வதை வைத்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவது வெளிநாட்டிலிருந்து வந்தது. கறுத்த தோலில் அது தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். புறங்கையை வைத்து முட்டியிலிருந்து பாதம்வரை தடவிப் பாருங்கள். குளிர்ச்சி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கைக்குத் தெரியும். நேரம் போகப் போக அந்த எல்லை மேலே ஏறினால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஒரு சந்தேகம் டாக்டர். பிபி நிற்பதற்காக டயலைசேட்டை 35 டிகிரிக்குக் குறைக்கிறோமே, அதனாலேயே விரல் குளிராதா?

பாளை ஐசியூ டாக்டர்

குளிரும், சிஸ்டர். எல்லோரும் விடுகிற இடம் இது. குளிர்ந்த டயலைசேட் தோல் குழாய்களைச் சுருக்கித்தான் பிபியை நிறுத்துகிறது. ஏசி காற்று நேராகக் கையில் பட்டாலும் அப்படித்தான். எனவே விரல் ஒன்றை மட்டும் நம்பிவிடக் கூடாது. டயலைசேட் வெப்பத்தை மாற்றினால் உடம்பின் வெப்பம் நிலைத்த பிறகு ஒரு அளவு எடுத்து, அதிலிருந்து ஒப்பிடுங்கள். விரல் மட்டும் குளிர்ந்து, நோயாளி தெளிவாகப் பேசுகிறார், நார்அட்ரினலின் ஏறவில்லை, லாக்டேட்டும் அசையவில்லை என்றால் நான் பொறுத்துப் பார்ப்பேன். கூடவே வேறு ஏதாவது ஒன்று மாறினாலும் யுஎஃபைக் குறைத்து நேரத்தை நீட்டுவேன். 54 கிலோ ஆளிடம் மணிக்கு 300 மில்லிக்கு மேல் என்பது கணக்குப்படி அதிகமில்லை. மருந்தில் பிபி நிற்கிறவருக்கு அதுவே கூடுதலாக இருக்கலாம். இரண்டரை லிட்டரும் இன்றைக்கே வர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை, நாளைக்கும் மெஷின் இருக்கும்.

கல்லிடை மகன்

நான் டாக்டரோ சிஸ்டரோ இல்லை. என் அப்பா ஐசியூவில் டயாலிசிஸில் இருந்தபோது பார்வையாளர் நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். சில நாள் சூடாக இருக்கும், சில நாள் சில்லென்று இருக்கும். இதையெல்லாம் சொன்னால் தொந்தரவாக நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிடுவேன். சொல்லலாமா?

சங்கரன்கோவில் சிஸ்டர்

கட்டாயம் சொல்லுங்க தம்பி. நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் எங்களுக்கு அது பெரிய உதவி. யாரும் தொந்தரவாக நினைக்க மாட்டோம்.

அம்பை டயாலிசிஸ்

டாக்டர், அக்கா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எங்கள் டயாலிசிஸ் சார்ட்டில் பிபி கட்டத்துக்குப் பக்கத்திலேயே ‘விரல் விநாடி’, ‘நார்அட்’ என்று இரண்டு கட்டம் பேனாவால் கோடு போட்டுவிட்டேன். லேபில் ஸ்லைடு கேட்டு வாங்கியாயிற்று. இன்னும் இரண்டு சந்தேகம். மானிட்டரில் ஆக்சிஜன் அளவுக்குப் பக்கத்தில் பிஐ என்று ஒரு எண் ஓடுகிறதே, அது உதவுமா? ஏற்கெனவே ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள பழைய நோயாளி செப்சிஸில் வந்தால் எந்தக் கையில் பார்ப்பது?

பாளை ஐசியூ டாக்டர்

பிஐ உதவும். விரலில் துடிக்கிற ரத்தம் எவ்வளவு என்பதை அது காட்டுகிறது. 1.4க்குக் கீழே போனால் வெளிப்புற ஓட்டம் குறைவு என்று 2002இல் ஓர் ஆய்வு சொன்னது, ஆனால் ஆளுக்கு ஆள் இது ரொம்பவே மாறும். 3இல் இருந்தவர் 1க்கு இறங்கினால் பாருங்கள். ப்ரோபை விரல் மாற்றிப் போட்டால் அந்தக் கணக்கு போச்சு, ஒரே விரலில் விட்டுவையுங்கள்.

ஃபிஸ்டுலா கையில் எதையும் அளக்க வேண்டாம். அங்கே ரத்தம் குறுக்குவழியில் போய்விடுவதால் விரல் எப்போதுமே குளிர்ந்திருக்கலாம். மறுகைதான். பிபி கஃப் கட்டிய கையும் வேண்டாம், அது இறுகுகிற நேரத்தில் அளந்தால் பொய்யான எண் வரும். ஒரு கையில் ஃபிஸ்டுலா, மறுகையில் ஆர்ட்டீரியல் லைன் (பிபி பார்க்கத் தமனிக்குள் போட்ட குழாய்) என்றால் லைன் உள்ள கையிலேயே பாருங்கள், ஆனால் சார்ட்டில் எந்தக் கை என்று எழுதிவிடுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருகிறவரும் அதே விரலைத் தொட வேண்டும்.