கிட்டப்பா – சுந்தராம்பாள்: காதலா, குடிகெடுப்பா?

வடலி:
போன கிழமை எங்கள் கோயில் திருவிழாவில் ‘வள்ளி திருமணம்’ இசை நாடகம். இடையில் மைக்கைப் பிடித்த ஒரு பெரியவர், அந்தக் கால இசை நாடக நடிகர்களான எஸ். ஜி. கிட்டப்பா – கே. பி. சுந்தராம்பாள் சோடியைத் ‘தெய்வீகக் காதல்’ என்று நெடுநேரம் புகழ்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. 1926இல் கொழும்பில் அவர்கள் சேர்ந்து மேடை ஏறியபோதே கிட்டப்பா கலியாணம் கட்டியவர். அடுத்த வருடம் சுந்தராம்பாளையும் கட்டினார். வீட்டில் இருந்த மனுசியைப் பற்றிப் பெரியவர் ஒரு சொல் சொல்லவில்லை. இன்னொருத்தியின் வாழ்க்கையில் ஏறி நின்ற காதலில் என்ன தெய்வீகம்?

மூன்றாம் மணி:
அண்ணை, கோபம் சரி. ஆனால் ஆளை மாறிப் பிடிக்கிறீர்கள். கட்டியது கிட்டப்பா. கொழும்பில் சந்தித்தபோது அவருக்கு ஏறக்குறைய 20 வயது, சுந்தராம்பாளுக்கு ஏறக்குறைய 18. மதராஸ் மாகாணத்தில் இந்து ஆண் இரண்டாந்தாரம் கட்டுவதைத் தடுத்துச் சட்டம் வந்ததே 1949இல்தான். அதுவரை ஆணை யாரும் கேட்கவில்லை. ஏச்செல்லாம் நாடகக்காரிக்கு. எங்கள் ஊரும் லேசுப்பட்டதில்லை. திருவிழாவில் ஆட வந்த சின்னமேளப் பெண்களை ஏசின அதே சனம்தான் விடிய விடிய முன்வரிசையில் குந்தி இருந்து பார்த்தது.

செம்மண்:
உது பேய்க்கதை. 18 வயதென்றால் ஒன்றும் விளங்காதா? கொடுமுடியில் இருந்து வந்து சின்ன வயதிலேயே மேடையில் பெயர் எடுத்தவர். அவர் ஒன்றும் பாலர் வகுப்புப் பிள்ளை இல்லை.

மூன்றாம் மணி:
விளங்கித்தான் கட்டினார் என்றே வைப்போம். கிடைத்தது என்ன? அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன, ஒருக்கால் வாசியுங்கள். பிறந்த பிள்ளை கொஞ்ச நாளில் தவறியது. புருசன் பக்கத்தில் இல்லை. பிறகு அவருடைய குடியும் நோயும். குடி கெடுத்தவள் என்றால் ஏதாவது சுகமாவது கண்டிருக்க வேண்டுமே.

கிடுகுவேலி:
நான் இரண்டு பக்கமும் இல்லை. எனக்கு அந்த வெள்ளைச் சேலைதான் யோசனை. 1933 டிசம்பர் 2ஆம் திகதி கிட்டப்பா காலமானபோது அவருக்கு 27, சுந்தராம்பாளுக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, திருநீறு, எந்த ஆணுக்கும் சோடியாக நடிப்பதில்லை. எல்லாரும் இதைப் பத்தினித்தனம் என்கிறார்கள். எனக்கென்றால் அது வளவைச் சுற்றி அடைத்த வேலி மாதிரித் தெரிகிறது. 25 வயதில் தனியாக நிற்கும் நாடகக்காரியின் வாசலுக்கு யார் யார் வந்து நிற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வேலியை அடைத்துவிட்டு உள்ளே தோட்டமும் செய்தார். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடம், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! அந்தக் காலத்தில் எந்தக் கதாநாயகன் அப்படி வாங்கினான்? பிறகு காங்கிரஸ் மேடை, ‘ஔவையார்’ படம், சட்ட மேலவை. முந்தி ஏசின வாய்களே ‘அம்மா’ என்று கும்பிட்டன.

செம்மண்:
அப்போ துக்கம் நடிப்பு என்கிறீரா? நெருப்போடு விளையாடுகிறீர்.

கிடுகுவேலி:
இல்லை ஐயா. துக்கம் உண்மை. என் ஆச்சியும் 30 வயதில் வெள்ளை கட்டினவ. உண்மையாக அழுதவ, அதே வெள்ளையோடு சந்தையில் காய்கறி விற்று ஐந்து பிள்ளைகளையும் வளர்த்தவ. “வெள்ளை கட்டினால் ஒருத்தரும் விலை பேச வரமாட்டாங்கள்” என்று சொல்லுவா. காய்கறி விலையை அவ சொல்லவில்லை.

வடலி:
ஆச்சி கதை நெஞ்சைத் தொட்டது. சுந்தராம்பாளைப் பற்றி நான் சொன்னதில் கொஞ்சம் சூடு கூடிப் போச்சு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த ஒரு சாவில் தாலி இழந்தது இரண்டு பேர். ஒருத்தியின் வெள்ளைச் சேலைக்கு மேடையில் மாலை விழுந்தது. மற்றவ என்ன கட்டினா, என்ன சாப்பிட்டா என்று இந்தத் திரியில் நாங்களும் கேட்கவில்லை. மூன்றாம் மணி, நீங்களும்தான்.

மூன்றாம் மணி:
ஓம் அண்ணை. உங்கள் கேள்விதான், நான் ஆளைப் பிடிக்கிற அவசரத்தில் தாண்டிப் போய்விட்டேன். அடுத்த திருவிழாவில் அந்தப் பெரியவரிடம் மைக் போகாமல் பாருங்கள். இதை நீங்களே எழும்பிச் சொல்லுங்கள்.

வடலி:
மைக்செற்றே அவருடைய மகனுடையதுதான் தம்பி.