மெட்டல் பிரின்ட் ஆகி வந்த 316எல் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பீஸில் போர் (உள்துளை) நீள்வட்டமாகிறது

வியாசர்பாடியில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஒரு பம்ப் ஹவுசிங்கை இதுவரை 316எல் ராடில் இருந்தே கடைந்து கொடுத்து வந்தோம்: 9 கிலோ ராடு, முடிந்த பீஸ் 2 கிலோகூட வராது, மீதி எல்லாம் சீவல். போன மாதம் கஸ்டமர் அதையே லேசர் பவுடர் முறையில் (உலோகப் பவுடரை லேசரால் லேயர் லேயராக உருக்கி) பிரின்ட் எடுத்து, கடைய 0.5 மி.மீ. மட்டும் விட்டு, ஃபினிஷிங்குக்கு 6 பீஸ் அனுப்பினார்.

போர் 52 மி.மீ., சுவர் 3 மி.மீ. சக்கில் (லேத்தில் பீஸைப் பிடிக்கும் பாகம்) இருக்கும்போது டயல் வைத்தால் 10 மைக்ரானுக்குள் நிற்கிறது, கழற்றி மேஜையில் வைத்து போர் கேஜ் விட்டால் 60, 70 மைக்ரான் நீள்வட்டம் காட்டுகிறது. டாலரன்ஸ் (அனுமதித்த வித்தியாசம்) 25 மைக்ரான்தான். 2 பீஸ் போய்விட்டது.

சக்குக்கு சாஃப்ட் ஜா (பீஸின் அளவுக்கே கடைந்துகொள்ளும் மென்மையான தாடை) கடைந்து போட்டேன், பிடியைத் தளர்த்தினேன், புது இன்சர்ட் (வெட்டும் முனை), கடைசி கட் 0.1 மி.மீ., அப்புறம் ரஃபிங் முடித்து ஒரு ராத்திரி முழுக்க விட்டு மறுநாள் ஃபினிஷ் எடுத்தேன். மாற்றமில்லை. அதே லேத்தில், அதே ப்ரோக்ராமில் ராடு பீஸ் சரியாக வருகிறது.

விசாரித்தால், பிரின்ட் எடுத்த அடித்தட்டிலிருந்து வயர்கட்டில் அறுப்பதற்கு முன் ஸ்ட்ரெஸ் ரிலீவ் (சூடேற்றி உள் இழுப்பைத் தளர்த்துவது) செய்யவே இல்லையாம். ஒவ்வொரு லேயரும் உருகிச் சட்டென்று இறுகும்போது உள்ளே தங்கிய இழுப்புதான், நான் கட் எடுத்ததும் விடுபடுகிறது என்று நினைக்கிறேன். இவ்வளவு பொருளை மிச்சப்படுத்தும் முறையைக் கைவிட எனக்கு மனசில்லை.

மீதி 4 பீஸ் இருக்கிறது. தட்டிலிருந்து அறுத்த பிறகு 316எல்-ஐ ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்து, 0.5 மி.மீ.க்குள் போரைச் சரியாக முடித்தவர்கள், எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் வைத்தீர்கள்?