ஆக்டோபஸ் சாப்பிடவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது, அம்மோனியா பூஜ்யம்தான். வேறு என்ன பார்க்க வேண்டும்?

அலையடி:
வணக்கம் நண்பர்களே. இரட்டைப்புள்ளி ஆக்டோபஸ் ஒன்று வளர்க்கிறேன். வந்த புதிதில் படு சுறுசுறுப்பு. நண்டைப் போட்டால் அது தரையைத் தொடும் முன்பே மேலே பாய்ந்து போர்த்திவிடும். கண்ணாடியில் விரலை வைத்தால் கூடவே நகர்ந்து வரும். கொஞ்ச நாளாக ஆளே மாறிவிட்டது. பகலெல்லாம் பாறைப் பொந்தில் கிடக்கிறது. இரவானால் மேலே ஏறி, சம்பிலிருந்து (கீழே உள்ள வடிகட்டித் தொட்டி) தண்ணீர் வந்து விழும் இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நிறம் வெளுத்த சாம்பல். தலைக்குப் பின்னால் இருக்கும் பை வேகவேகமாக உப்பி உப்பி அடங்குகிறது. இறாலைக் குச்சியில் வைத்து நீட்டினால் ஒரு கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிறது.

தொட்டி 250 லிட்டர், கீழே சம்ப், காற்றை இழுத்து அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் உண்டு. ஆக்டோபஸ் வரும் முன்பே பல மாதம் ஓடிக்கொண்டிருந்த தொட்டிதான். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 30. உப்பு 1.025, ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தது. வெப்பம் 26, 27. மீன் எதுவும் கூட இல்லை.

தப்பித்துப் போகிற பயம் மட்டும் இல்லை. ஒருநாள் இரவு பாதி உடம்பு வெளியே தொங்கியதைப் பார்த்த பிறகு அக்ரிலிக் மூடி போட்டு, சுற்றிலும் ஃபோம் பட்டை ஒட்டி, ஒயர் போகும் ஓட்டையைக்கூட சிலிக்கானால் அடைத்தாகிவிட்டது. நியூசிலாந்தில் நேப்பியர் அக்வேரியத்திலிருந்து இங்கி என்ற ஆக்டோபஸ் வடிகால் குழாய் வழியாகக் கடலுக்கே போன கதை 2016இல் உலகமெல்லாம் செய்தியானதே, அதைப் படித்த பிறகு எந்த இடுக்கையும் விட்டுவைக்க மனசு வரவில்லை.

நோயா, வயதா, தண்ணீரா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பாறைமீன்:
பாராசைட் மாதிரி தெரிகிறது சகோ. என் மீன்களுக்கு இப்படி மூச்சு வாங்கியபோது செம்பு கலந்த மருந்து போட்டேன், சீக்கிரமே சரியாகிவிட்டது. அரை டோஸ் போட்டுப் பாருங்கள்.

உப்புக்காற்று:
அலையடி, தயவுசெய்து அந்த மருந்துப் பாட்டிலைத் தொடாதீர்கள். அரை டோஸ் இல்லை, கால் டோஸும் வேண்டாம். மீன் தாங்கும் அளவு செம்பு ஆக்டோபஸைக் கொன்றுவிடும். அதன் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்பு உள்ள ஹீமோசயனின்தான், ரத்தம் நீலமாக இருப்பதும் அதனால்தான். அது வேறு, தண்ணீரில் கரைந்த செம்பு செவுள் வழியாக உள்ளே போவது வேறு.

இதைக் கேட்டே ஆக வேண்டும்: தொட்டியோ பாறைகளோ பழையதாக வாங்கியவையா? முன்பு மீன் வைத்திருந்தவர் செம்பு மருந்து போட்டிருந்தால் அது பாறையில் ஊறி நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். தண்ணீர் எது? குழாய்த் தண்ணீரா, ஆர்.ஓ. தண்ணீரா?

பாறைமீன்:
ஓ, சரி. மீனுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அலையடி:
தொட்டி, பாறை எல்லாமே புதிதாக வாங்கியவை. தண்ணீர் ஆர்.ஓ. வடிகட்டிக்கு மேல் மிச்ச உப்புகளை நீக்கும் டி.ஐ. கார்ட்ரிட்ஜும் இருக்கிறது. செம்பு டெஸ்ட் கிட்டில் எதுவும் காட்டவில்லை.

சிப்பி:
போரடிக்கிறதோ என்னவோ! ஆக்டோபஸுக்கு விளையாட்டு வேண்டும். மூடி போட்ட ஜாடிக்குள் நண்டை வைத்துக் கொடுத்துப் பாருங்கள். ஜெர்மனியில் கோபுர்க் அக்வேரியத்தில் இருந்த ஓட்டோ என்ற ஆக்டோபஸ், தலைக்கு மேல் எரிந்த விளக்கில் தண்ணீரைப் பீச்சியடித்து மின்சாரத்தையே நிறுத்திவிட்டது, 2008இல். போரடித்தால் அவை என்ன வேண்டுமானாலும் செய்யும்.

உப்புக்காற்று:
சிப்பி, போரடித்த ஆக்டோபஸ் குறும்பு செய்யும், இப்படி வெளுத்துப்போய்த் தண்ணீர் விழும் இடத்தில் தொங்காது. மூச்சு சரியாகும் வரை ஜாடி வேண்டாம்.

அலையடி, நீங்கள் பிஎச் எழுதவில்லை. ராத்திரி விளக்கணைத்த பிறகும் விடியற்காலையிலும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்கிம்மர் எங்கிருந்து காற்றை இழுக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

அலையடி:
ராத்திரி 7.85. காலையில் விளக்குப் போடும் முன் 7.7. சம்ப் இருக்கும் அலமாரிக் கதவு எப்போதும் மூடியே இருக்கும், சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காக. ஸ்கிம்மரின் காற்றுக் குழாய் அந்த அலமாரிக்குள்ளேயேதான்.

உப்புக்காற்று:
அப்போது எனக்கு மூடி மேல்தான் சந்தேகம். விளக்கமாகச் சொல்கிறேன்.

நல்ல காற்றோட்டம் உள்ள கடல்நீரில் 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.4 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 27 டிகிரிக்குப் போனால் அது 6.5 பக்கம் இறங்கிவிடும். இது மேல்பரப்பு திறந்திருந்தால். உங்கள் தொட்டியில் மேல்பரப்பு காற்றுப் புகாமல் அடைபட்டிருக்கிறது, சம்ப் அலமாரியும் மூடியிருக்கிறது. ஆக்டோபஸும் பாறையில் உள்ள பாக்டீரியாவும் விடுகிற கரியமில வாயு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகிறது. அது கூடினால் பிஎச் இறங்கும். காலையில் 7.7 என்று குறைவாகக் காட்டுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதில் ஆக்டோபஸுக்கு மட்டும் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அளவுக்கு ஹீமோசயனின் ஆக்சிஜனைச் சுமக்காது. பிஎச் குறைந்தால் அதன் பிடி இன்னும் தளர்ந்துவிடும். வெப்பம் ஏறினால் உடம்புக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும், தண்ணீரிலோ குறைவாக இருக்கும். மூன்றும் ஒரே பக்கம் இழுக்கின்றன. மூன்று இதயங்கள் இருந்தும் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

இரட்டைப்புள்ளி கலிபோர்னியா பக்கத்துக் குளிர்ந்த கடலில் வாழ்வது. அதற்கு 18 முதல் 22 டிகிரி வரைதான் சுகம். பவளத் தொட்டிக்கு 26 சரி, இதற்கு இல்லை.

ஊகத்தில் எதையும் மாற்ற வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு ஜக்கில் தொட்டித் தண்ணீரை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே வைத்து, காற்றுக்குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு மணி நேரம் காற்றேற்றுங்கள். அப்புறம் பிஎச் பாருங்கள். நன்றாக ஏறியிருந்தால் கரியமில வாயுதான் காரணம். ஏறவே இல்லையென்றால் வேறு இடத்தில் தேடலாம். இன்னொரு ஜக்கை வீட்டுக்குள்ளேயே வைத்து அதே மாதிரி செய்யுங்கள். வெளியே வைத்தது மட்டும் ஏறினால் அறைக் காற்றும் மோசம் என்று அர்த்தம்.

ஏர் ஸ்டோனை ஜக்கில் மட்டும் போடுங்கள். தொட்டிக்குள் பொடிக்குமிழிகள் மிதந்தால் அவை அந்தப் பைக்குள் போய் மாட்டிக்கொள்ளும்.

நீரோட்டம்:
உப்புக்காற்று சொல்வது சரியாகவே படுகிறது. ஆனாலும் பெண்ணாக இருந்து முட்டை போட்டிருந்தால்? பொந்தைவிட்டு வராதது, சாப்பிடாதது எல்லாம் அதற்கும் பொருந்தும். முட்டைக்காரி கடைசிவரை சாப்பிடமாட்டாள், குஞ்சு பொரிந்ததும் இறந்துவிடுவாள். கண்களுக்கு நடுவில் உள்ள சுரப்பி போடுகிற உத்தரவு அது. 1977இல் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர் அந்தச் சுரப்பியை அறுத்து எடுத்துப் பார்த்தார். அந்தப் பெண் ஆக்டோபஸ்கள் மறுபடி சாப்பிட்டு அதிக நாள் வாழ்ந்தன. வீட்டில் செய்கிற காரியம் இல்லை, விஷயத்துக்காகச் சொன்னேன்.

உப்புக்காற்று:
நல்ல கேள்வி. ஆனால் முட்டைக்காரி முட்டையைவிட்டு நகராது. இது ராத்திரி முழுக்க மேலே வந்து தொங்குகிறதே. எதற்கும் ஆணா பெண்ணா என்று பார்த்துவிடலாம். கண்ணாடியில் ஒட்டும்போது அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். முன்பக்கத்திலிருந்து எண்ணினால் வலது மூன்றாவது கை. அடிப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது அதன் வலது நமக்கு இடப்பக்கம் தெரியும், மறந்துவிடாதீர்கள். அந்தக் கையின் நுனியில் உறிஞ்சிகள் இல்லாமல் மழமழவென்று கரண்டி மாதிரி இருந்தால் ஆண். பொந்தைக் கலைத்துப் பார்க்க வேண்டாம்.

அலையடி:
சோதனை முடிந்தது. வெளியே வைத்த ஜக்கு 7.75இலிருந்து 8.15. வீட்டுக்குள் வைத்தது 8.05. அப்படியென்றால் மூடியும் அலமாரியும்தான். ஆனால் மூடியைத் திறந்தால் ஓடிவிடுமே, அதற்கு என்ன வழி?

உப்புக்காற்று:
மூடியை எடுக்கச் சொல்லவில்லை, மாற்றச் சொல்கிறேன். எலும்பே இல்லாத உடம்பு, கடினமான உறுப்பு அலகு ஒன்றுதான். அலகு நுழையும் இடைவெளி இருந்தால் மொத்த உடம்பும் பின்னாலேயே வந்துவிடும். ஆகவே ஓட்டை சின்னதாக இருக்க வேண்டும், காற்றும் போக வேண்டும். விளக்கின் அடியில் மாட்டுவார்களே, கட்டம் கட்டமான பிளாஸ்டிக் சல்லடைத் தகடு, அதைச் சட்டத்தில் பொருத்தி அதன்மேல் நெருக்கமான நைலான் வலையை இறுக்கிக் கட்டுங்கள். உலோக வலை வேண்டாம், உப்புக் காற்றில் அரித்துத் தண்ணீரில் இறங்கும். நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் கிளாம்ப். மேலே கல் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அடியிலிருந்து தள்ளும் பலம் நாம் நினைப்பதைவிட அதிகம். தொட்டி விளிம்பின் உள்பக்கம் செயற்கைப் புல் பட்டை ஒட்டினால் உறிஞ்சிகளுக்குப் பிடி கிடைக்காது. ஒயர் ஓட்டையில் ஃபில்டர் ஸ்பாஞ்சைத் திணியுங்கள். சம்புக்கு இறங்கும் குழாய் வாயிலும் தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் பம்பின் வாயிலும் கட்டாயம் வலை வேண்டும். வெளியே போகாவிட்டாலும் பம்பில் கையை விட்டுக்கொள்ளும்.

ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டி ஜன்னல் பக்கம் கொண்டுபோங்கள். அலமாரிக் கதவைத் திறந்தே வையுங்கள், சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம்.

வெப்பத்தை ஒரே நாளில் இறக்க வேண்டாம். நாளுக்கு ஒரு டிகிரி போதும். வலை மூடி வந்ததும் மேல்பரப்பில் படும்படி ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். 20 பக்கம் நிலையாக நிற்க, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வழி, அதில் தப்பிக்க முடியாது. ஃபேன் வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். குறைகிற தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

மூடியை மாற்றும்போது பயந்து மை விட்டாலும் விடும். சிறிய தொட்டியில் அந்த மை அதன் செவுளிலேயே படியும். கலக்கி ஆறவைத்த உப்புத் தண்ணீரும் தண்ணீரைச் சுத்தமாக்கும் புதுக் கார்பனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மை விட்டால் திரிதிரியாக மிதப்பதை வலையால் அள்ளிவிட்டு உடனே தண்ணீர் மாற்றுங்கள்.

நீரோட்டம்:
வேலையை ராத்திரியில் சிவப்பு வெளிச்சத்தில் செய்யுங்கள். சிவப்பு அதற்குச் சரியாகத் தெரியாது, மிரளாது. நைட்ரேட் 30க்கும் அப்படியே ஒரு தண்ணீர் மாற்றம் போட்டுவிடுங்கள்.

அலையடி:
எல்லாம் செய்தாகிவிட்டது. மூடியை மாற்றும்போது ஒரு கையை வெளியே விட்டு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தது, மை விடவில்லை. வெப்பம் இப்போது 22இல் நிற்கிறது, சில்லர் ஓடுகிறது. காலை பிஎச் 8.0. மேலே தொங்குவது நின்றுவிட்டது. மூச்சு நிதானம். நேற்று ராத்திரி ஒரு இறாலை வாங்கிக்கொண்டு பொந்துக்குள் போனது, காலையில் ஓடு மட்டும் வாசலில் கிடந்தது. உடம்பில் பழுப்பு நிறம் திரும்பிவிட்டது.

படமும் எடுத்தேன். வலது மூன்றாவது கை நுனியைச் சுருட்டியே வைத்திருக்கிறது. விரித்தபோது பார்த்தால் கடைசியில் உறிஞ்சி இல்லை.

உப்புக்காற்று:
ஆண்தான். சுருட்டிப் பொத்தி வைத்துக்கொள்வதே அடையாளம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கடலில் பிடித்ததாக இருந்தால் வயது நமக்குத் தெரியாது. இந்த இனம் ஒன்றரை, இரண்டு வருடம் வாழ்ந்தாலே பெரிது, ஆணும் இணை சேரும் பருவம் தாண்டினால் தளர்ந்துவிடும். பிஎச், வெப்பம் எல்லாம் சரியாக இருக்கும்போது மறுபடி சாப்பாட்டை நிறுத்தி, கண்ணைச் சுற்றித் தோல் சுருங்கி, ஆறாத வெள்ளைப் புண் வந்து, பகலில் நிலைகொள்ளாமல் அலைந்தால் அது முதுமை. அப்போது தண்ணீரை மாற்றி மாற்றி அதை வதைக்க வேண்டாம்.

இப்போதைக்கு அந்தக் கவலை இல்லை. சாப்பாட்டை இறாலோடு நிறுத்தாமல் நண்டும் சிப்பியும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். மிச்ச ஓடுகளைத் தினமும் எடுத்துவிடுங்கள், அதில் ஒட்டிய சதை அழுகினால் அம்மோனியா ஏறும்.

சிப்பி:
இப்போதாவது ஜாடி கொடுக்கலாமா?

உப்புக்காற்று:
தாராளமாக. பிளாஸ்டிக் மூடி போட்டதாக இருக்கட்டும், முதல் தடவை லேசாகத் திருகி வையுங்கள்.